எம்ஜிபி ஆயில் கூலர் ஹோஸ்: ஏற்காட்டு மலைப்பாதையில் சில வருட அனுபவம்

என்னிடம் இருப்பது எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதன் ஆயில் கூலருக்கு, அதாவது இன்ஜின் ஆயிலைக் குளிர்விக்கும் சின்ன ரேடியேட்டருக்கு, ஹோஸ் கேட்டால் கடைக்காரர் முதலில் சொல்வது பிரஷர் கணக்குதான். "இது 160 பார் தாங்கும் சார், உங்க காருக்கு ஆயுசுக்கும் போதும்." போதும்தான், யார் இல்லை என்றது? எம்ஜிபி ஓடும்போது ஆயில் பிரஷர் 50-லிருந்து 80 பிஎஸ்ஐ. பார் கணக்கில் ஐந்தரையைத் தாண்டாது. இந்த ஹோஸைக் கொல்வது பிரஷர் இல்லை, சூடு. அடுத்தது உரசல். அதற்கும் அடுத்தது, பொருந்திய மாதிரியே ஏமாற்றும் மரை. மூன்று செட் ஹோஸ் ஓட்டிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். விவரத்தைக் கீழே எழுதுகிறேன்.

வண்டி 1960-களின் கடைசியில் வந்த குரோம் பம்பர் ரோட்ஸ்டர். 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின். நம்ம அம்பாசடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே குடும்பம் என்பதால், சேலத்தில் இதைப் பிரித்துச் சேர்க்க ஆளுக்குப் பஞ்சமில்லை. அம்பாசடரில் கை பழகிய பெரியவர்கள் பானெட்டைத் தூக்கியதும் "அட, நம்ம இன்ஜினுங்க" என்று உரிமையோடு உள்ளே கை விடுவார்கள். ஆயில் கூலர் மட்டும்தான் அவர்களுக்குப் புதுசு.

ஆயில் போகிற வழியைத் தெரிந்துகொண்டால்தான் இந்த இரண்டு ஹோஸின் மதிப்பு புரியும். பம்பிலிருந்து வரும் ஆயில் பிளாக்கின் வலது பக்கம், பின்பகுதியில் வெளியே வரும். ஒரு ஹோஸ் அதை ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கூலருக்குக் கொண்டுபோகும். இன்னொரு ஹோஸ் கூலரிலிருந்து ஃபில்டருக்குத் திருப்பிக் கொண்டுவரும். அதற்குப் பிறகுதான் பேரிங்குக்குப் போகும். அதாவது கொஞ்சம் ஆயிலைப் பிரித்துக் குளிர்விக்கிற ஏற்பாடு இல்லை இது, மொத்த ஆயிலும் அந்த ஹோஸ் வழியாகத்தான் போயாக வேண்டும். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் இருப்பது சுமார் நாலேகால் லிட்டர். ஓடும்போது ஒரு ஹோஸ் விட்டுக்கொடுத்தால், ஆயில் கேஜ் முள் இறங்குவதை நீங்கள் கவனிப்பதற்குள் பாதி ஆயில் ரோட்டில் இருக்கும். ஏற்காட்டு வளைவில் என்றால் அந்த ஆயில் பின்னால் வரும் பைக்காரர் சக்கரத்துக்குக் கீழே.

நான் வாங்கும்போது வண்டியில் இருந்தது ஹைட்ராலிக் ஹோஸ். ரிக் லாரியிலும் ஜேசிபியிலும் பார்ப்போமே, ஒரு கம்பி வலை வைத்த ஆர்1 ரகம், அதுதான். முந்தைய உரிமையாளர் போட்டது. தூக்கி எறியும் சரக்கு இல்லை. ஆனால் அதன் உள் ரப்பர் நைட்ரைல், தொடர்ந்து தாங்கும் சூடு 100 டிகிரி வரைதான். சேலம் ஊருக்குள், ஐந்து ரோட்டுக்கும் அஸ்தம்பட்டிக்கும் நடுவே ஓட்டினால் பிரச்சினையே வராது. அடிவாரத்திலிருந்து மேலே ஏறும்போதுதான் வேறு கதை. 20 கொண்டை ஊசி வளைவு, பெரும்பாலும் இரண்டாம் கியர், முன்னால் ஒரு பஸ். இன்ஜின் முக்கிக்கொண்டிருக்கும், காற்றோ ரேடியேட்டர் ஃபேன் இழுக்கிற அளவுதான். கோடை விழா சமயத்தில் சேலத்து வெயிலிலிருந்து தப்பிக்க ஊரே மேலே கிளம்பும். அந்த நெரிசலில் ஏறும்போது நான் தனியாகப் போட்ட ஆயில் டெம்பரேச்சர் கேஜ் 110-ஐத் தாண்டி நிற்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அந்தச் சூட்டில் ரப்பர் கெட்டிப்படும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கருப்பாக நன்றாகவே இருக்கும். கையால் வளைத்துப் பாருங்கள். நல்ல ஹோஸ் எதிர்ப்புக் காட்டி மெதுவாக வளையும். கெட்டுப்போனது கிரிம்ப்புக்கு (முனை ஃபிட்டிங்கை ஹோஸோடு அமுக்கிப் பிடித்திருக்கும் இடம்) பக்கத்தில் மரக்கட்டையாக நிற்கும், கொஞ்சம் அழுத்தினால் 'நறுக்'கென்று ஒரு சத்தம் வரும். ஃபில்டர் பக்கம் இருந்த ஹோஸ் அந்த நிலையில்தான் கழன்று வந்தது. வெட்டிப் பார்த்தபோது உள்சுவர் முழுக்க மயிரிழை வெடிப்பு.

அடுத்தது ஆன்லைனில் வாங்கிய ஸ்டீல் வலை போட்ட ஹோஸ் செட். பழைய கூலரின் வாய் அருகே கசிவு இருந்ததால் புது அலுமினியக் கூலர் ஒன்று வேறொரு இடத்தில் வாங்கினேன். இரண்டுமே எம்ஜிபிக்குப் பொருந்தும் என்றுதான் போட்டிருந்தார்கள். மாட்டினால் நட்டு வழுக்கிக்கொண்டு ஏறியது, கையாலேயே. மெக்கானிக் அண்ணன் அங்கேயே நிறுத்தினார். பாதி மரையில் நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார். 'கிணுக் கிணுக்'கென்று ஆடியது. "கோனு ஒக்காந்தா ஆடாதுங்க தம்பி. இது ஏறுது, ஆனா புடிக்காது" என்று சொல்லிவிட்டு விட்டம் அளக்கும் வெர்னியரை எடுத்தார்.

கூலர் வாயின் வெளிவிட்டம் 22.2 மில்லிமீட்டர். அதாவது 7/8 யுஎன்எஃப் என்ற அமெரிக்க மரை, ஜேஐசி ரக ஃபிட்டிங். ஹோஸ் நட்டு 5/8 பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் குழாய் மரை, அது உட்கார வேண்டிய ஆண் மரை 22.9 மில்லிமீட்டர். இரண்டுக்கும் இன்ச்சுக்கு 14 மரை. அதனால்தான் இந்த ஏமாற்று. மரை எண்ணிக்கை ஒன்று, விட்டத்தில் மட்டும் முக்கால் மில்லிமீட்டர் போல வித்தியாசம். மரையின் கோணமும் வேறு, பிஎஸ்பி 55 டிகிரி, யுஎன்எஃப் 60. இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் உள்ளே இருக்கிறது. இந்த ரக ஃபிட்டிங்கில் ஆயிலை அடைப்பது மரை இல்லை, உள்ளே கோனும் கோனும் ஒட்டி உட்காரும் இடம். பிஎஸ்பி கோன் மொத்தம் 60 டிகிரி, ஜேஐசியில் பக்கத்துக்கு 37, அதாவது மொத்தம் 74 டிகிரி. இரண்டையும் சேர்த்தால் ஒரு விளிம்பில் மட்டும்தான் தொடும். டெஃப்லான் டேப் சுற்றினால் நிற்கும் என்று ஒருவர் சொன்னார். தண்ணீர்க் குழாய்க்குச் சரி. இங்கே டேப் ஒரு பிசிறு கழன்றாலும் அது ஆயிலோடுதான் சுற்றும். விற்றவரிடம் கேட்டதற்கு "எல்லாருக்கும் பொருந்துது சார்" என்ற பதிலோடு சரி, பணம் திரும்பவில்லை.

அந்த ஹோஸின் நீளமும் எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்டீல் வலை அழகுதான், ஆனால் தொட்டதையெல்லாம் அரம் மாதிரி ராவும். ரேடியேட்டர் பக்கத் தகட்டு ஓட்டையில் குரோமெட் என்கிற ரப்பர் வளையம் இல்லாமல் அதை விட்டால், பெயின்ட் போய், தகடும் போகும். வலது ஸ்டியரிங் வண்டியில் ஸ்டியரிங் தண்டும் அதே பக்கம் இறங்குவதால், நீளம் அதிகமான ஹோஸ் அங்கே தொங்கக் கூடாது. அதற்காக இழுத்துக் கட்டவும் முடியாது. ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது இன்ஜின் மவுன்டில் ஆடும், அந்த ஆட்டத்துக்கு இடம் வேண்டும்.

மூன்றாவது செட்டை இங்கேயே செய்ய வைத்தேன். திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் இந்தியா முழுக்கப் போர்வெல் போடுகின்றன, அவற்றை நம்பி இந்தப் பக்கம் ஹோஸ் கிரிம்ப் செய்யும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. கல்லைத் துளைக்கிற வண்டிக்கு ஹோஸ் செய்கிறவர்களுக்கு இது சின்ன வேலை. ஆனால் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். "ஆயில் கூலர் ஹோஸ்" என்று மட்டும் சொன்னால் அதே ஆர்1-ஐத்தான் கொடுப்பார்கள். நான் கேட்டது டெஃப்லான் உள்குழாய், வெளியே ஸ்டீல் வலை, 200 டிகிரிக்கு மேல் தாங்குவது. இதற்கு கிரிம்ப் செய்யும் ஃபெரூலும் (முனையில் மாட்டி அமுக்கும் உலோக வளையம்) வேறு, ரப்பர் ஹோஸுக்கான ஃபெரூலைப் போட்டு அமுக்கினால் பிடிக்காது. இன்ஜின் பக்கம் பிஎஸ்பி, கூலர் பக்கம் ஜேஐசி என்று முனைக்கு ஒரு ரகம். கூலரையும் கையோடு கொண்டுபோய் அங்கேயே மாட்டிப் பார்த்து, நீளத்தைக் கயிற்றால் அளந்து வெட்டினோம். டெஃப்லான் ஹோஸைக் கையால் மடக்கக் கூடாது, ஒரு தடவை ஒடுங்கினால் அந்த இடம் போனதுதான். அதனால் திருப்பம் வரும் முனைகளில் 90 டிகிரி எல்போ. கிரிம்ப் முடிந்ததும் பட்டறைக்காரர் ஒவ்வொரு முனையையும் வெர்னியரில் அளந்து சார்ட்டோடு ஒப்பிட்டார். அப்படி அளக்காத பட்டறையில் நான் செய்யமாட்டேன். செலவு, இறக்குமதி செட்டின் விலையில் பாதிகூட இல்லை.

மாட்டும்போது எப்போதும் இரண்டு ஸ்பேனர். ஒன்று கூலர் வாயைப் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருக. ஒன்றை வைத்துத் திருகினால் அலுமினிய வாய் கூலரிலிருந்தே பிய்ந்து வரும். ஹோஸ் முறுக்கிக்கொள்கிறதா என்று பார்க்க நீளவாக்கில் மார்க்கரால் ஒரு கோடு போட்டோம். இறுக்கி முடித்த பிறகும் கோடு நேராக இருந்தால் சரி. வெட்டிய ஹோஸுக்குள் இரும்புத்தூள் இருக்கும், மண்ணெண்ணெய் விட்டு அலசி, காற்றடித்த பிறகே மாட்ட வேண்டும். கடைசியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கேஜில் பிரஷர் காட்டும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றிவிட்டுத்தான் இன்ஜினை எழுப்பினோம்.

சில கோடைகள் தாண்டிவிட்டன. வலை உலர்ந்தே இருக்கிறது. ஒரு குறை உண்டு: ஸ்டீல் வலைக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஆயில் மாற்றும்போதெல்லாம் கிரிம்ப்பைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கிறேன்.

இன்னொரு விஷயம், கூலரே அதிகமாக வேலை செய்கிறது. மார்கழியில் மேலே தங்கிவிட்டுக் காலையில் கிளம்பினால் ஆயில் சூடேறவே மறுக்கும். சூடேறாத ஆயிலிலிருந்து ஈரம் ஆவியாகாது, ஃபில்லர் மூடியின் அடியில் வெளுத்த கசடு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். சுமார் 80 டிகிரியில் திறக்கும் ஆயில் தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதை நடுவில் நுழைத்தால் இன்னும் நான்கு ஃபிட்டிங் கூடும், கசிய இன்னும் நான்கு இடம். இரண்டு ஹோஸையும் மறுபடி வெட்டிக் கிரிம்ப் செய்ய வேண்டும். பட்டறைக்காரர் தயார், மெக்கானிக் அண்ணனுக்குத்தான் மனசில்லை. குளிர்காலத்தில் கூலருக்கு முன்னால் ஒரு அட்டையைச் சொருகினால் போதும் என்கிறார். இந்த வருஷம் அட்டைதான்.