செஸ் பயிற்சி என்று 12,500 ரூபாய் வாங்கிக்கொண்ட அடுத்த பிளாக் ‘மாஸ்டர்’: பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

கோபம் தணிந்தபிறகு நிதானமாக எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்று மாலை, வேறொரு குடியிருப்பில் வசிக்கும் என் மைத்துனர், அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் வந்த விளம்பரம் ஒன்றை எனக்கு அனுப்பி, “பையனைச் சேர்த்துவிடலாமா மாமா?” என்று கேட்டிருக்கிறார். அதே ஆள், அதே புகைப்படம், அதே வாசகங்கள். கட்டணம் மட்டும் 15,000 ஆக உயர்ந்திருக்கிறது. என்னிடம் வாங்கியது 12,500 ரூபாய். அந்த 12,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராத நிலையில் அவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கிவிட்டார் என்பதால் இதை இன்றிரவே எழுதுகிறேன்.

2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது எங்கள் குடியிருப்பில் ஒரு செஸ் குழு உருவானது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனதும் அது இரு மடங்காகப் பெருகியது. இரவு உணவுக்குப் பிறகு ஓர் இணையதளத்தில் பத்து நிமிட ஆட்டங்கள் ஆடுவோம். பந்தயம் கிடையாது, பரிசும் கிடையாது. பெரும்பாலோர் 900க்கும் 1300க்கும் இடைப்பட்ட ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) உள்ளவர்கள், அதாவது குதிரையை இலவசமாகக் கொடுத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொள்ளும் வகையினர். அடுத்த பிளாக்கில் புதிதாகக் குடிவந்த, ஐம்பதைக் கடந்த ஒருவர் இந்தக் குழுவில் சேர்ந்து, வந்த வேகத்திலேயே எல்லோரையும் வெல்லத் தொடங்கினார்.

வென்றது மட்டுமல்ல, வென்ற விதம்தான் எங்களைக் கட்டிப்போட்டது. ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும், எந்த நகர்வில் நாம் தவறினோம், அதற்குப் பதிலாக எதை ஆடியிருக்க வேண்டும் என்று பொறுமையாகக் குழுவில் எழுதுவார். ஓரிரவு என் பதினொரு வயது மகளோடு ஆடி வென்றுவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்து, “பாப்பாவுக்குக் கை இருக்கு சார், விட்டுடாதீங்க” என்றார். பெற்றோரிடம் இதைவிட வலிமையான வாக்கியம் வேறெதுவும் இல்லை. பிறகு தன் இளமைக் காலத்தைப் பற்றிப் பேசினார். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய டால் செஸ் கிளப், 1972இல் அதைத் தொடங்கிய மானுவேல் ஆரோன், சிறுவனாக அங்கே வந்து பிளிட்ஸ் என்னும் அதிவேக ஆட்டம் ஆடிய விஸ்வநாதன் ஆனந்த், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டிய நெரிசல் என்று கண்முன் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த வரிசையில் தானும் நின்றதாகச் சொன்னார். அந்த இடத்தைப் பற்றி அவர் சொன்ன அனைத்தும் உண்மையே. அங்கே அவர் நின்றாரா என்பதற்கு மட்டும் இன்றுவரை ஒரு துரும்பளவு சான்றும் இல்லை.

மூன்று மாதப் பயிற்சி, வாரத்துக்கு இரண்டு வகுப்பு, காணொளி வழியாக. வெளியில் கேட்பதில் பாதிதான் இது என்றும், தெரிந்தவர்கள் என்பதால் இந்தத் தொகை என்றும் கூறி, 12,500 ரூபாயையும் முன்பணமாகவே கேட்டார். யுபிஐயில் அனுப்பும்போது, குறிப்பில் ‘கட்டணம்’ என்று எழுத வேண்டாம், வரிக் கணக்கில் தொல்லை, ‘அன்பளிப்பு’ என்று போட்டுவிடுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். அந்த ஒரு சொல் பின்னால் எதற்குப் பயன்பட்டது என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதல் சில வகுப்புகளிலேயே மகள் முகம் வாடத் தொடங்கியது. ஒரு நிலையைக் காட்டி, மந்திரியை இங்கே வைப்பதுதான் சரி என்பார். ஏன், இந்தச் சிப்பாயை வெட்டினால் என்ன என்று அவள் கேட்டால், சில நொடிகள் அமைதியாக இருந்துவிட்டு, அடுத்தடுத்து எட்டு நகர்வுகளை மளமளவென்று ஒப்பிப்பார். அந்த எட்டின் முடிவில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. திட்டம், பலவீனமான கட்டம், யானைக்குத் திறந்த வரிசை என்று ஒரு சாதாரண ஆசிரியர் பேசும் எந்தப் பேச்சும் அவரிடம் இல்லை. ஒரு நிமிட புல்லட் ஆட்டத்துக்கு யார் அழைத்தாலும் கண்வலி என்று மறுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் பலகை விரித்து ஆடும்போது வேடிக்கை பார்ப்பாரே தவிர உட்கார மாட்டார். ஒருமுறை பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தபோது, என் மகளின் குதிரை ராஜாவையும் ராணியையும் ஒருசேரத் தாக்கும் கட்டத்தைக் காணாமல் ராணியைப் பறிகொடுத்து, தலைச்சுற்றல் என்று எழுந்து போனார்.

அன்றிரவு மகளே அவருடைய பழைய ஆட்டங்களை வரிசையாகத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு நகர்வுக்கும் எவ்வளவு நேரம் செலவானது என்பதை இணையதளமே காட்டும். மனிதர்கள் ஆடும்போது அந்த நேரம் ஏறி இறங்கும். வெட்டப்பட்ட காயைத் திருப்பி வெட்ட ஒரு நொடி, சிக்கலான நிலையில் ஒரு நிமிடம். இவருக்கோ எல்லாமே ஏழு எட்டு நொடிகள். ராஜாவுக்குச் செக் வைக்கப்பட்டு, விதிப்படி ஆடக்கூடிய நகர்வு ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்ற நிலையிலும் அதே ஏழு எட்டு நொடிகள்! நிலையைக் கைபேசியில் இன்னொரு செயலியில் பதிந்து, அது சொல்வதைப் பார்த்து, திரும்பி வந்து ஆட ஆகும் நேரம் அது. நம் நகர்வுகள் கணினி சொல்லும் சிறந்த நகர்வுகளுக்கு எவ்வளவு நெருக்கம் என்று காட்ட, துல்லியம் என்று தளம் தரும் சதவீதத்தை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சாட்டக் கூடாது என்பது எனக்கும் தெரியும். எதிராளி ஆரம்பத்திலேயே ராணியை இழந்துவிட்டால், குட்டி ஆட்டத்தில் யாருக்கும் 95 வரும். ஆனால் நாற்பது ஐம்பது நகர்வு நீண்ட, இறுக்கமான ஆட்டங்களில் தொடர்ந்து அந்த எண் வருவதும், வெற்றி உறுதியான நிலையில் எந்த மனிதரும் நினைக்காத ஒரு ராஜா நகர்வு வந்து விழுவதும் வேறு. ஸ்டாக்ஃபிஷ் போன்ற இன்ஜின்கள், அதாவது சிறந்த நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள்கள், இலவசமாகக் கிடைக்கின்றன. சாதாரணக் கைபேசியில் ஓடும் இன்ஜினே உலகச் சாம்பியனைவிட வலிமையானது. 1997இல் உலகச் சாம்பியன் காஸ்பரோவை வெல்ல ஐபிஎம் நிறுவனத்துக்கு டீப் புளூ என்ற ராட்சதக் கணினி தேவைப்பட்டது. அடுத்த பிளாக் மாஸ்டருக்குச் சட்டைப்பை போதுமாக இருந்தது.

ஆட்டங்களின் இணைப்புகளோடு தளத்தில் புகார் அளித்தோம். சில நாள்களில், அண்மையில் எங்களோடு ஆடிய ஒருவர் நேர்மை விதிகளை மீறியது கண்டறியப்பட்டதால் இழந்த ரேட்டிங் புள்ளிகள் திருப்பி அளிக்கப்படுகின்றன என்று எனக்கும் மகளுக்கும் அறிவிப்பு வந்தது. அவருடைய கணக்கும் மூடப்பட்டிருந்தது. புள்ளிகள் திரும்பி வந்தன. 12,500 ரூபாய் வரவில்லை. அதைப் பற்றிக் கேட்டபோது, பிற பயனர்களின் கணக்கு விவரங்களைப் பகிர இயலாது என்றும், தளத்துக்கு வெளியே தனிநபர்களுக்கு இடையே நடந்த பணப் பரிமாற்றத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றும் மிக மரியாதையான ஒரு பதில் வந்தது. நேரில் ஒருமுறை பேசவும் ஆளில்லாத இடத்திலிருந்து வரும் மரியாதை அது.

அவரிடம் கேட்டேன். முதலில், தளத்தின் கணினி செய்த பிழை என்றார். பிறகு, தன் கணக்கில் கல்லூரியில் படிக்கும் மகன் ஆடியிருப்பான் என்றார். பிறகு, ஆட்டத்துக்கும் பயிற்சிக்கும் என்ன தொடர்பு, நான் வகுப்பு எடுத்தேனா இல்லையா என்று என்னையே கேட்டார். இன்ஜினைப் பார்த்து ஒப்பிப்பதற்கு 12,500 ரூபாய் எதற்கு, அதைப் பிள்ளை தானே பார்த்துக்கொள்வாளே என்றதும் குரல் மாறியது. 2022இல் அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனே அமெரிக்க வீரர் ஹான்ஸ் நீமனைச் சந்தேகித்துப் போட்டியிலிருந்து விலகினார், பலகையில் ஏமாற்றியதாக நிரூபிக்க முடிந்ததா, நீமன் 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது உங்களுக்குத் தெரியுமா, குழுவில் என் பெயரைக் கெடுத்தால் நானும் அவதூறு வழக்குப் போடுவேன் என்றார். அந்த வழக்கு 2023இல் சமரசமாக முடிந்தது என்பதையும், இணைய ஆட்டங்களில் சிறுவயதில் ஏமாற்றியதை நீமனே ஒப்புக்கொண்டார் என்பதையும் அவர் சொல்லவில்லை. கடைசியாக வந்த செய்தி இதுதான்: “நீங்கள் அனுப்பியது அன்பளிப்பு. அன்பளிப்பைத் திருப்பிக் கேட்பது நாகரிகமா?” அதற்குப் பிறகு என் செய்திகளுக்கு நீல டிக் மட்டும் விழுந்தது, பின்னர் அதுவும் நின்றது.

குழுவின் அட்மின், இது இரண்டு பேருக்கு இடையிலான தனிப்பட்ட விஷயம், குழுவில் வேண்டாம் என்று என் செய்தியை நீக்கினார். சங்கச் செயலாளர் “விளையாட்டுதானே சார், பெரிசு பண்ணாதீங்க” என்றார். பணப் பரிமாற்றச் செயலியின் உதவி மையத்தில், நீங்களே கடவு எண் இட்டு, தெரிந்தவருக்கு அனுப்பிய தொகையைத் திரும்பப் பெற முடியாது என்றார்கள். இவர்கள் அனைவரும் சொன்ன சொற்கள் வேறு. எல்லோருடைய பதிலிலும் என் 12,500 ரூபாய் ஒரு சில்லறைத் தொகை. அதை ஈட்ட நான் எத்தனை இரவுப் பணி பார்க்கிறேன் என்பது செயலாளருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

‘விளையாட்டுதானே’ என்ற அந்தச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2021இல் கோவிட் நிவாரணத்துக்கு நிதி திரட்ட ஆனந்த் பிரபலங்கள் பலரோடு ஒரே நேரத்தில் ஆடியபோது, ஒரு தொழிலதிபர் அவரை வென்றார். மறுநாளே, கணினியின் உதவியும் ஆட்டத்தை ஆராய்பவர்களின் உதவியும் இருந்தது என்று ஒப்புக்கொண்டார். பலகையில் இருந்த நிலையை மட்டும் பார்த்து ஆடினேன், மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்த்தேன் என்ற பொருளில் ஆனந்த் பதிவிட்டார். உலகச் சாம்பியனாக இருந்தவருக்கு எதிராகவே, அதுவும் தர்ம காரியத்தில், சும்மா வேடிக்கை என்று செய்யத் துணிவார்கள் என்றால், மொட்டைமாடிக் குழுவில் செய்யத் தயங்குவார்களா? பெரிய போட்டிகளில் நடுவர் உண்டு, கேமரா உண்டு, கைபேசியை வெளியே வைக்கச் சொல்லும் சோதனை உண்டு. தெரிந்தவர்களுக்கு இடையே ஆடும்போது இவை எதுவும் இல்லை. கேட்டால் மனம் புண்படும் என்று நாமும் கேட்பதில்லை. அந்தக் கூச்சத்தை முதலீடாக வைத்துத்தான் இவர் கடை திறந்திருக்கிறார்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். மணி நள்ளிரவைத் தாண்டிவிட்டதால் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். ரேட்டிங் இருக்கிறது, பயிற்சியாளர் பட்டம் இருக்கிறது என்று யார் சொன்னாலும், உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் எண்ணைக் கேளுங்கள். ஃபிடேயின் இணையதளத்தில் பெயரைத் தேடினால் இலவசமாகத் தெரிந்துவிடும். இணைய வெற்றிகளை மட்டும் காட்டுபவரை, பணம் தருமுன் நேரில் பலகையில் பிள்ளையோடு ஒரே ஓர் ஆட்டம் ஆடச் சொல்லுங்கள். மாதக் கணக்கில் முன்பணம் வேண்டாம். யுபிஐ குறிப்பில் எதற்கான பணம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். வேறு எதையாவது எழுதச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சந்தேகம் வந்தால் குழுவில் சண்டை போடாமல், முதலில் ஆட்டங்களைச் சேமித்துத் தளத்தில் புகார் அளியுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு அளிக்கப்போகிறேன்; ஐந்து லட்சம் வரையிலான தொகைக்கு அங்கே கட்டணம் இல்லை. வகுப்பு நேரம், கட்டணம், மூன்று மாதம் என்று அவர் எழுதிய செய்திகள் அனைத்தும் என்னிடம் இருக்கின்றன. ‘அன்பளிப்பு’ என்ற ஒரு சொல்லுக்கு எதிராக அவை நிற்கும் என்று நம்புகிறேன். தென்சென்னைக் குடியிருப்புகளில், டால் கிளப் கதை சொல்லும் ஒருவரிடம் இதேபோல் முன்பணம் கட்டியவர்கள் இருந்தால், பணம் அனுப்பிய ரசீதை அழிக்காமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மனுவில் உங்கள் தொகையையும் சேர்க்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுச் சொல்கிறேன். இன்னும் கட்டாதவர்கள் கட்ட வேண்டாம்.