நான்கு பழைய வி8 கார்கள்: எது எங்கே உடையும்?

பார்க்கப் போகும் காரின் பானட் மீது முதலில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் பேச்சே வேண்டாம், மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். டைமிங் செயின் (வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் சங்கிலி) தளர்வானாலும் கேம் அட்ஜஸ்டர் (அந்த நேரத்தை மாற்றியமைக்கும் பாகம்) தேய்ந்தாலும், இரவு முழுக்க ஆறிக் கிடந்த எஞ்சின் ஓடத் தொடங்கும் முதல் சில நொடிகளில்தான் சத்தத்தால் காட்டிக்கொடுக்கும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால் அது காதில் விழாது.

இங்கே எடுத்துக்கொண்டவை பிஎம்டபிள்யூ எம்3 (இ90, இ92), மெர்சிடிஸ் சி63 ஏஎம்ஜி (டபிள்யூ204), ஆடி ஆர்எஸ்4 (பி7), லெக்சஸ் ஐஎஸ் எஃப். அடைப்புக்குள் இருப்பவை எந்தத் தலைமுறை என்பதற்கான குறியீடுகள். நான்கிலும் டர்போ இல்லாத வி8 எஞ்சின், அதாவது வி வடிவில் இரு வரிசையாக எட்டு சிலிண்டர். சி63-இல் 457 குதிரைத்திறன், மற்ற மூன்றிலும் 420-ஐ ஒட்டி. வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் கை வைக்கும். எந்தக் கார் கெட்டுப்போகாது என்று தேடுவதைவிட, எந்தக் காரின் கோளாறை வாங்கும் முன்பே பார்க்கவோ அளக்கவோ முடியும் என்று தேடுவதே சரி.

எம்3-இலிருந்து தொடங்கலாம், பயமும் அதைப் பற்றித்தான் அதிகம். அதன் 4.0 லிட்டர் எஸ்65 எஞ்சின் 8,400 ஆர்பிஎம் வரை சுற்றும். பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உள்ள பேரிங் ஷெல்லுக்கும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் இடையே எண்ணெய்ப் படலத்துக்கு விட்ட இடைவெளி மிகக் குறைவு. ஊற்றுவதோ 10டபிள்யூ-60 என்ற கெட்டி ஆயில். குளிர்ந்த எஞ்சினை விரட்டினால் அந்த இடுக்கில் ஆயில் போதிய அளவு நுழையாது, ஷெல் தேயும். முற்றினால் ராட் உடைந்துவிடும், எஞ்சின் அத்தோடு சரி.

ஆனால் இந்த வேலையை எஞ்சினை இறக்காமலே செய்யலாம். எஞ்சினை மேலிருந்து தாங்கிப் பிடித்து, முன் சப்ஃபிரேமையும் (எஞ்சினுக்கு அடியில் உள்ள சட்டம்) ஆயில் சம்ப்பையும் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றினால் எட்டு ராடுகளும் கைக்கு எட்டும். 16 ஷெல்கள், 16 புதிய ராட் போல்ட்கள். பழைய போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது, முறுக்கும்போது நீளும் ரகம் அது. மாற்றியதற்கான பில்லும் கழற்றிய ஷெல்களின் படமும் இருந்தால் அந்தக் காருக்குக் கூடுதலாகவே கொடுக்கலாம். இல்லையென்றால் ஆயிலைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்: முந்தைய ஆண்டுகளின் கார்களில் ஈயமும் செம்பும் உயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபில்டர் மூடி மேலேயே இருக்கிறது. காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து டார்ச் அடித்தால், தேய்ந்த பேரிங் செம்புப் பொடியாக மினுங்கும். ஒரே ஒரு அறிக்கை சுத்தமாக வந்தது என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். ஆயில் புதிதாக இருந்தால் எதுவும் தெரியாது. ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தொட்ட காருக்கு இந்தச் செலவை விலையிலேயே கழித்துப் பேசுவது நல்லது. த்ராட்டிலைத் திறந்து மூடும் இரண்டு ஆக்சுவேட்டர்களும் தேய்ந்து காரை லிம்ப் மோடில் (சக்தியைக் குறைத்து ஓடும் நிலை) தள்ளும். அது எரிச்சல்தான், ஆபத்தில்லை.

விற்பவரை ஓட்டச் சொல்லி, டேகோமீட்டரில் எரியும் மஞ்சள் விளக்குகளைக் கவனியுங்கள். ஆயில் சூடேறச் சூடேற அவை ஒவ்வொன்றாக அணையும். அதற்கு முன்பே மிதிக்கிற ஆள் இத்தனை வருடமும் அப்படித்தான் மிதித்திருப்பார்.

சி63-இன் 6.2 லிட்டர் எம்156 எஞ்சினில் பிரச்சினை ஹெட் போல்ட், அதாவது சிலிண்டர் ஹெட்டை எஞ்சின் பிளாக்கோடு பிணைக்கும் போல்ட். தொடக்க கால போல்ட்கள் அரித்து, தலை துண்டாகி, கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும். எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கம் 60658-க்குள் இருந்தால் பழைய போல்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்டைக் கழற்றாமல், வரிசைப்படி ஒவ்வொன்றாகப் புது ரக போல்ட் மாற்றலாம். அது நடந்ததா என்று பில்லில் தேடுங்கள். வெளியே எங்கும் கசிவில்லாமல் கூலன்ட் குறைவதும், காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் அடிப்பதும் இதன் அடையாளம். இன்னொன்று, கேம் லோபும் (வால்வைத் திறக்க அழுத்தும் மேடு) அதன் கீழுள்ள டாப்பெட்டும் (அந்த அழுத்தத்தை வாங்கும் கிண்ணம்) சேர்ந்து தேய்வது. எஞ்சின் சூடான பிறகும் ஒரே தாளத்தில் டிக் டிக் என்று கேட்டால் வால்வு கவரைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். லோபின் முனை கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டும், விரல் நகத்தில் தட்டுப்படும் கீறலோ குழியோ இருக்கக் கூடாது.

ஆர்எஸ்4 ஓட்ட இனிமை, மேனுவல் கியர் மட்டுமே. பராமரிக்கத்தான் நால்வரில் மிகவும் படுத்தும். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை என்பதால் அது இன்டேக் வால்வைத் தொடாது, கரி படிந்து சக்தி குறையும். மேனிஃபோல்டை (காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) கழற்றி வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் சரியாகும், திரும்பவும் படியும். டிஆர்சி எனும் ஆடியின் சஸ்பென்ஷனில் டேம்பர்கள் (அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்கள்) மூலைக்கு மூலை எண்ணெய்க் குழாயால் இணைக்கப்பட்டவை. ஒன்று கசிந்தால் ஜோடியும் போச்சு. டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால், அங்கிருந்து கலகலப்பு கேட்டால் எஞ்சினையே இறக்க வேண்டிவரும். அப்படிக் கேட்ட காரை விட்டுவிடுங்கள்.

ஐஎஸ் எஃப் பற்றி எழுதக் குறைவாகவே இருக்கிறது, அதுதான் அதன் பெருமை. 5.0 லிட்டர் எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர். அவற்றில் ஒன்று போர்ட்டில் (வால்வுக்கு முன்னுள்ள காற்று வழி) தெளித்து வால்வைக் கழுவிக்கொண்டே இருப்பதால் கரித் தொல்லை பெரிதாக இல்லை. பார்க்க வேண்டியது கூலன்ட்: வாட்டர் பம்ப் ஓரத்திலும், இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே மேனிஃபோல்டுக்கு அடியில் உள்ள தகட்டிலும் காய்ந்த இளஞ்சிவப்புப் படிவு. தகட்டைச் சரிசெய்ய மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும், உதிரிபாகத்தைவிடக் கூலிதான் அதிகம். முன் பக்க கண்ட்ரோல் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் அலையும்.

தினமும் ஓட்டுவதற்கு என்றால் ஐஎஸ் எஃப். வார இறுதியில் மலைப்பாதைக்கு என்றால் பேரிங் மாற்றிய எம்3, அந்த எஞ்சினின் சுவை மற்ற மூன்றில் கிடைக்காது. சி63 பிடித்திருந்தால் புது போல்ட் வந்த பிந்தைய ஆண்டுகளின் கார் மட்டும்.

எதுவானாலும் ஸ்கேனரை (காரின் கோளாறுப் பதிவைப் படிக்கும் கருவி) செருகாமல் முன்பணம் தராதீர்கள். எச்சரிக்கை விளக்கு எரியாதது போதாது. கார் தானே செய்துகொள்ளும் கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்), ஆக்சிஜன் சென்சார் சோதனைகள் முடிவடையாத நிலையில் நின்றால், கோளாறுப் பதிவை அண்மையில் அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யக் கேளுங்கள். மறுத்தால் அடுத்த காரைப் பாருங்கள்.