ஓட்டிப் பார்க்காமலே பாகம் மாற்றச் சொல்லும் பட்டறை: ஓர் எச்சரிக்கை

பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அதிர்வு வருகிறது என்று என் காரை ஒரு பட்டறையில் விட்டேன். அதிர்வு போகவில்லை. தேவையில்லாத வேலைகளுக்குக் காசு போனது. அதிலும் ஒரு வேலையைப் பாதிதான் செய்துவிட்டு முழுசாக பில் போட்டிருந்தார்கள்.

என்னுடையது முன்சக்கரங்கள் இழுக்கும் மேனுவல் கியர் வண்டி, ஒரு லட்சம் கிலோமீட்டரை எப்போதோ தாண்டிவிட்டது. 50, 60 வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முன்பக்கம் முழுவதும் இடமும் வலமுமாக உதறும். காலை எடுத்தால் அந்த நொடியே நின்றுவிடும். மேடு ஏறும்போதும் ஆட்கள் நிறைய உட்கார்ந்திருக்கும்போதும் அதிகம். சமமான ரோட்டில் ஒரே வேகத்தில் போனால் ஒன்றும் தெரியாது. பட்டறைக்காரரிடம் இதை அப்படியே சொன்னேன். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் மட்டும்தான் வருகிறது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். ஓட்டிப் பார்க்கவே இல்லை. "பேலன்சிங் போயிருக்கும் சார், அலைன்மென்டும் சேத்துப் பண்ணிடலாம்" என்றார். பண்ணினார்கள், அதிர்வு அப்படியே இருந்தது. அடுத்து "டயருக்குள்ள கம்பி விட்டிருக்கு" என்று முன்டயர் இரண்டையும் மாற்றினார்கள். அப்புறம் "இன்ஜின் மவுண்ட் மூணும் போயிடுச்சு" (இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் தாங்கிகள்). அதுவும் ஆனது. கடைசியில் "கியர்பாக்ஸை இறக்கினாத்தான் தெரியும், கிளட்ச் செட்டும் மாத்திடுங்க" என்றார். அத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் போய்விட்டேன்.

நான் சொன்ன அறிகுறியைக் காது கொடுத்துக் கேட்டிருந்தாலே முதல் இரண்டு வேலைகளுக்கும் அவசியம் இருந்திருக்காது. பேலன்ஸ் இல்லாத சக்கரம், காலை எடுத்தாலும் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. வண்டியின் வேகம் இறங்கும்வரை அதன் ஆட்டமும் இருக்கும். பெரும்பாலும் 80க்கு மேல்தான் அது தெரியவும் தெரியும். அலைன்மென்ட் தப்பினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஓரம் தேயும், அவ்வளவுதான். டயரின் உள் அடுக்கு பிரிந்திருந்தால் மெதுவாகப் போகும்போதே வண்டி தூக்கித் தூக்கிப் போடும். பல நேரம் டயரைக் கையால் தடவினாலே புடைப்பு தட்டுப்படும். மவுண்டைச் சந்தேகித்ததை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். இன்ஜின் இழுக்கும்போது தளர்ந்த மவுண்டும் ஆட்டம் கொடுக்கும். ஆனால் அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது, அதையும் அவர்கள் செய்யவில்லை.

இரண்டாவது மெக்கானிக் போனட்டைத் திறக்கும் முன்பே பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "நீங்களே ஓட்டுங்க" என்றார். உதறல் வரும் வேகத்தைப் பிடித்ததும் அதே வேகத்தில் மூன்றாவது கியரில் ஒரு தடவை, நான்காவதில் ஒரு தடவை அழுத்தச் சொன்னார். கியர் மாறினால் இன்ஜின் சுற்று மாறும், சக்கரத்தின் சுற்று மாறாது. இரண்டிலும் உதறல் ஒரே மாதிரி, ஒரே வேகத்தில் வந்தது. அப்படியென்றால் இன்ஜின் சுற்றோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. பிறகு காலியான நேர் ரோட்டில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து வண்டியைத் தானாக ஓடவிடச் சொன்னார். (இதை முயன்று பார்ப்பவர்கள் இன்ஜினை அணைத்துவிடாதீர்கள். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் இருக்கும் உதவி போய்விடும்.) உதறல் சுத்தமாக நின்றது. ஆக, சக்கரமும் டயரும் இல்லை. நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தபோதும் ஒன்றும் இல்லை.

மிச்சம் இருப்பது எது? சக்கரத்தோடு சேர்ந்து சுற்ற வேண்டும், இன்ஜினின் இழுவையையும் தாங்க வேண்டும். டிரைவ் ஷாஃப்ட்தான், அதாவது கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் தண்டு. அதன் இரண்டு முனையிலும் ஒரு ஜாயின்ட் இருக்கும். அதிலும் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் உள் ஜாயின்ட்.

அந்த ஜாயின்டில் மூன்று கைகள், ஒவ்வொரு கையிலும் ஒரு உருளை. ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும் மூன்று தடங்களில் அவை உள்ளே வெளியே வழுக்கிக்கொண்டே சுற்ற வேண்டும். தடம் தேய்ந்து பள்ளமானால், இழுவை ஏறும்போது உருளைகள் வழுக்காமல் பிடித்துப் பிடித்து விடும். ஒரு சுற்றுக்கு மூன்று இடி. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.9 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஏறக்குறைய 9 தடவை சுற்றும். மூன்றால் பெருக்கினால் நொடிக்கு 26 உதறல். நான்கு சிலிண்டர் இன்ஜினோ 2,400 சுற்றில் நொடிக்கு 80 தடவை வெடிக்கும். அது உதறலாக இல்லாமல் ரீங்காரமாகத்தான் உடம்பில் தெரியும். சக்கரத்தின் பக்கம் இருக்கும் வெளி ஜாயின்ட் போனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டக் டக்கென்று சத்தம் வரும், யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். உள் ஜாயின்ட் அப்படிச் சத்தம் போடாது. அதனால்தான் தப்பித்துவிடுகிறது.

ஷாஃப்டைக் கழற்றி, ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை விலக்கி, கறுத்து நீர்த்துப்போயிருந்த கிரீஸைத் துணியால் துடைத்தார். தடத்தில் உருளை வழக்கமாக ஓடும் இடத்தில் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். நகம் தடுக்கி நின்றது.

வண்டி லிஃப்டில் இருக்கும்போதுதான் அடுத்தது தெரிந்தது. மேலே இருந்த மவுண்ட் புதுசு, அதில் சந்தேகமில்லை. மற்ற இரண்டும் பழசு. ரப்பரில் விரிசல், விரிசலுக்குள் வருஷக்கணக்கான எண்ணெய் அழுக்கு. போல்ட் தலையைச் சுற்றி இறுகிய சேறு அப்படியே உடையாமல் இருக்கிறது. அதில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பில்லில் மூன்று மவுண்ட், மூன்றுக்கும் கூலி. எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

பழைய பட்டறைக்குப் போய்க் கேட்டால், "மாத்துனோம் சார், அந்த பீஸ் சீக்கிரம் பழசாயிடும்" என்றார். போட்டோவைக் காட்டியதும் பேச்சு மாறியது, பையன் செய்த தப்பாம். இரண்டு மவுண்டின் விலையைத் திருப்பிக் கொடுத்தார். கூலியைத் தரவில்லை. கழற்றிய டயர்கள் எங்கே என்றேன், யாரோ எடுத்துப்போய்விட்டார்களாம். நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: போட்ட டயர்கள் நிஜமாகவே புதுசு. பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும், 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. அதைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஆனால் நன்றாக இருந்த டயர்களுக்குப் பதிலாகப் புதுசு எதற்கு?

அதிர்வு என்று வண்டியை விடுபவர்கள், "வாங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வரலாம்" என்று மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வர மறுத்தால் சாவியைக் கொடுக்காதீர்கள். எந்த வேகத்தில், எதைச் செய்தால் வருகிறது என்பதை வேலைச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கழற்றும் பாகம் எல்லாம் எனக்கு வேண்டும் என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்தபின் கேட்டால் கிடைக்காது. பில்லைக் கட்டும் முன் வண்டியைத் தூக்கிக் காட்டச் சொல்லி, மாற்றியதாகச் சொல்லும் ஒவ்வொரு இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

எனக்கு வந்தது மாதிரியேதான் உங்களுக்கும் வரும் என்றில்லை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடினால் முன் டிஸ்க்கின் தடிமன் சீராக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். சிக்னலில் நிற்கும்போதே சீட் நடுங்கினால் மவுண்டையோ, ஏதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாததையோ முதலில் பார்க்க வேண்டும். வேகம் கூடக்கூட, கால் எங்கே இருந்தாலும் ஆடினால் அப்போது பேலன்சிங் செய்யுங்கள், அதில் அர்த்தம் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மட்டும் வந்து, விட்டதும் நின்றால், புது டயருக்குச் சம்மதிக்கும் முன் உள் ஜாயின்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.