அமந்தானி போகிறவர்கள் பூனோவில் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பெருவில் டிட்டிகாகா ஏரி பார்க்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால், பூனோ ஊரில் கண்ணில் படும் முதல் ஏஜென்சியில் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். நான் கட்டினேன்.

அந்த ஏரியில் இருக்கும் அமந்தானி தீவில் கார் கிடையாது. ஆண்டீஸ் மலைப் பூர்வகுடிகளின் மொழியான கெச்சுவா பேசும் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே ஓர் அறை கொடுத்து, மூன்று வேளையும் சாப்பாடு போடுவார்கள். விருந்தாளிகளை வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பிரித்து அனுப்புவது அங்கே வழக்கம். இதைச் சொல்லித்தான் அந்த ஏஜென்சிக்காரர் என்னை மடக்கினார். எல்லாம் சேர்த்து 160 சோல் (பெரு நாட்டுப் பணம்), அதில் பெரும்பங்கு குடும்பத்துக்கே போகிறது என்றார். ரசீது கேட்டால் துண்டுச் சீட்டில் ஒரு கிறுக்கல்.

மறுநாள் ஊரோஸ் மிதவைத் தீவில் கோரைப் படகுச் சவாரிக்குத் தனிக் காசு. அமந்தானியில் இறங்கினால் தீவுக் கட்டணம் தனி. சரி, சில்லறைதானே என்று விட்டுவிட்டேன்.

ராத்திரி அடுப்படியில்தான் குட்டு வெளிப்பட்டது. 3,800 மீட்டருக்கு மேலே, ஸ்வெட்டருக்குள்ளும் நடுங்குகிற குளிர். வீட்டு அம்மா கினோவா சூப், உருளைக்கிழங்கு, பொரித்த சீஸ், அப்புறம் முன்யா இலை போட்ட தேநீர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான் சைவம் என்று ஏஜென்சியில் இரண்டு தடவை சொல்லியிருந்தும் அவர் காதுக்கு அது போகவே இல்லை, நல்லவேளை அன்றைக்குச் சமைத்ததில் கறி இல்லை. என் அரைகுறை ஸ்பானிஷில், ஓர் ஆளுக்கு உங்களுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டேன். 30 சோல். அதுவும் உடனே கைக்கு வராதாம், போன மாதம் வந்தவர்களுக்கான பணமே இன்னும் வரவில்லையாம். இதைச் சொல்லிக்கொண்டே எனக்கு இன்னொரு கம்பளியை எடுத்துப் போட்டார். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

திரும்பி வந்து ஏஜென்சியில் கேட்டேன். அது எங்களுக்கும் படகுக்காரருக்கும் உள்ள கணக்கு, உங்களுக்கு எதற்கு என்றார். பணம் ஒரு காசு திரும்பவில்லை.

போகிறவர்கள் காலையிலேயே பூனோ படகுத்துறைக்குப் போய், தீவுக்காரர்கள் ஓட்டும் படகைக் கேட்டு டிக்கெட் எடுங்கள், தீவுக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். தங்குகிற காசை வீட்டுக்காரர் கையிலேயே கொடுங்கள். அரிசி, சர்க்கரை, எண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். பெரிய நோட்டுக்குச் சில்லறை கிடைப்பது கஷ்டம், பூனோவிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.