காப்பீட்டு அட்டையா, ஈஎஸ்ஐயா, ஜிஎச்சா?

தமிழ்நாட்டில் கூலி வேலை பார்க்கும் குடும்பத்துக்கு எந்த மருத்துவப் பாதுகாப்பு நல்லது என்று கேட்டால், பலரும் தொகையைத்தான் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்தான் முதலிடம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய். பிரீமியம் அரசு பார்த்துக்கொள்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் அட்டை செல்லும். இதய ஆபரேஷன், டயாலிசிஸ் என்று வந்துவிட்டால் இதன் அருமை தெரியும்.

ஆனால் ஏழை வீட்டில் பணம் கரைவது பெரும்பாலும் ஆபரேஷனில் இல்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை, டெஸ்ட், படுத்த நாளில் போன கூலி. அட்டை முக்கியமாகப் படுக்கையில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைக்குத்தான். போன கூலியை அது தராது.

அதைத் தருவது ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. என்னைக் கேட்டால், இருப்பதிலேயே ஏழையின் கஷ்டம் புரிந்து போட்ட திட்டம் இதுதான். தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். 15,000 ரூபாய் வாங்குபவருக்குப் பிடித்தம் 112 ரூபாய் 50 காசு. அதற்கு ஓபி, மருந்து, குடும்பத்துக்கும் சிகிச்சை. உடம்பு முடியாமல் விடுப்பில் இருந்தால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். டிஸ்பென்சரியில் மருந்து இல்லை, ரெஃபரலுக்கு அலையவிடுகிறார்கள் என்ற புலம்பல் உண்டு. அதிலும் நியாயம் உண்டு. பெரிய ஓட்டை வேறு: மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம், பதிவான நிறுவனம் இரண்டும் இருக்க வேண்டும். பதிவில்லாத இடத்தில் தினக்கூலிக்குப் போகும் சித்தாள், வீட்டு வேலை செய்பவர், தள்ளுவண்டிக்காரர் யாருக்கும் இது கிடையாது.

தனியார் பாலிசியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி போனது நல்லதுதான். ஆனாலும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும்.

சரி, ஜிஎச்? வருமானச் சான்று கேட்காது, ஓபியும் மருந்தும் இலவசம். 2021-இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. வரிசையில் ஒரு நாள் கூலி போகும், அது தனி. ஆனால் காப்பீட்டைப் பெரிதாகப் பேசுகிறவர்கள் ஜிஎச்சை மட்டமாகப் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். அட்டையில் சேராத செலவைச் சுமப்பதே அதுதான்.

இப்போது ஒரு ஆட்டோ ஓட்டுநரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கிறார். வருடத்துக்கு 1,80,000. காப்பீட்டு அட்டைக்கான குடும்ப வருமான வரம்பு 1,20,000, அதைத் தாண்டிவிட்டார். முதலாளி இல்லாததால் ஈஎஸ்ஐயும் இல்லை. இதே 15,000-ஐ ஒரு கம்பெனியில் சம்பளமாக வாங்கியிருந்தால் மனைவி, பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் பாதுகாப்பு கிடைத்திருக்கும். வரம்பை ஏற்றுவதைவிட, இவரும் மாதம் 112 ரூபாய் கட்டி ஈஎஸ்ஐயில் சேர வழி செய்து, முதலாளியின் பங்கை அரசு ஏற்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.