முதியவரின் உடல்நலிவை அளக்க எது ஏற்றது: ராக்வுட் அளவுகோலா, ஃபிரைடு சோதனையா?

அறுவை சிகிச்சைக்கு வரும் முதியவர் எப்படித் தேறுவார் என்பதை அவருடைய வயதைவிட உடல்நலிவே, அதாவது நோயையும் அறுவையையும் தாங்கும் வலு உடலில் குறைந்திருப்பதே, தெளிவாகக் காட்டுகிறது என்பதை மயக்கவியல் மருத்துவர்களில் பெரும்பாலோர் இன்று ஏற்றுக்கொள்கிறார்கள். அதை எதைக் கொண்டு அளப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. எங்கள் பிரிவில் இரண்டு முறைகளையும் பயன்படுத்திப் பார்த்தபின் ராக்வுட் அளவுகோலையே வைத்துக்கொண்டோம்.

லிண்டா ஃபிரைடு 2001இல் வகுத்த முறை ஐந்து அம்சங்களைப் பார்க்கிறது: காரணமின்றி எடை குறைதல், தீராத அசதி, கைப்பிடி வலுக் குறைவு, மெதுவான நடை, உடலுழைப்புக் குறைவு. மூன்று இருந்தால் நலிவுற்றவர். இதன் ஆதாரம் வலுவானது. திட்டமிட்ட அறுவைக்கு வந்த 65 வயதைக் கடந்த 594 பேரிடம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் இதே ஐந்து அம்சங்களைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், நலிவுற்றோருக்குச் சிக்கல்கள் கூடுதலாக வந்தன, மருத்துவமனையில் தங்கும் நாட்கள் நீண்டன, வீட்டுக்குத் திரும்பாமல் பராமரிப்பு நிலையத்துக்குச் செல்வதும் மிகுந்தது.

கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் கென்னத் ராக்வுட் குழுவினர் 2005இல் ஏழு படிகளோடு வெளியிட்ட அளவுகோல் பின்னர் ஒன்பது படிகளாக விரிந்தது. கருவி எதுவும் வேண்டாம். நோயாளி அன்றாடம் எதைத் தானே செய்துகொண்டார், எதற்கு அடுத்தவர் கை வேண்டியிருந்தது என்று கேட்டே படியை முடிவு செய்யலாம். நேரம் மிச்சமாவது வெளிப்படை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. ராக்வுட் அளவுகோல் நோயாளி இன்று படுத்திருக்கும் நிலையை மதிப்பிடுவதில்லை, இந்த நோய் வருவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு அவர் இருந்த நிலையை மதிப்பிடுகிறது. இடுப்பெலும்பு முறிந்து இரவில் கொண்டுவரப்படும் மூதாட்டியை நடக்கவைத்து வேகம் பார்க்க முடியாது. வலியில் துடிப்பவரின் கைப்பிடி அளவு அவருடைய உண்மையான வலுவைக் காட்டாது. ஆனால் கூட வந்திருக்கும் மகளிடம், "விழுறதுக்கு முன்னாடி அம்மா தானா குளிச்சாங்களா, மாத்திரையைத் தானே பார்த்து எடுத்துக்கிட்டாங்களா?" என்று கேட்க முடியும். மாத்திரை, பணம், வெளியே போய்வருவது போன்றவற்றுக்கு மட்டும் துணை வேண்டியிருந்தால் ஐந்தாம் படி. வீட்டு வேலைகளுக்கும் குளிப்பதற்கும் துணை வேண்டியிருந்தால் ஆறு. சொந்தப் பராமரிப்புக்கு முழுவதும் பிறரைச் சார்ந்திருந்தால் ஏழு. அவசர அறுவைக்கு முன் குடும்பத்தாரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று பேச இந்தத் தகவல்தான் உதவுகிறது.

ஒரு எச்சரிக்கை அவசியம். நம் கூட்டுக் குடும்பங்களில் சமையலையும் வங்கிக் கணக்கையும் மருமகளோ மகனோ பார்த்துக்கொள்வது வழக்கம் என்பதால், "சமைப்பதில்லை" என்ற பதிலை மட்டும் வைத்துப் படியைக் கூட்டினால் ஆரோக்கியமான பாட்டியும் நலிவுற்றவராகிவிடுவார். அதனால் "செய்கிறாரா" என்பதோடு நிறுத்தாமல், "வீட்டில் யாரும் இல்லாத நாளில் செய்ய முடியுமா" என்றும் கேட்கிறோம். பயிற்சி மருத்துவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

ஃபிரைடு முறையை நாங்கள் முற்றிலும் கைவிடவில்லை. குடல் புற்றுநோய் அறுவை போல ஓரிரு வாரமாவது கையில் இருக்கும்போது எடை, கைப்பிடி, நடை ஆகியவற்றின் அளவுகள் எதைச் சீர்செய்யலாம் என்று காட்டுகின்றன. புரதம் மிகுந்த உணவையும் நடைப்பயிற்சியையும் அவற்றைப் பார்த்தே திட்டமிடுகிறோம். படி எண் மட்டும் இருந்தால் அந்த விவரம் கிடைக்காது. இதய அறுவை நோயாளிகளை நான் அதிகம் பார்த்ததில்லை, ஆகவே அங்கே எது மேல் என்று சொல்லமாட்டேன். 65 வயதுக்குக் குறைந்தோருக்கும், சிறுவயது முதலே உடல் ஊனத்தோடு வாழ்பவர்களுக்கும் ராக்வுட் அளவுகோல் பொருந்தாது. அவர்களை ஒவ்வொருவராகத் தனித்தே மதிப்பிடுகிறோம்.