பிடிஎஃப் அட்டவணையைத் தரவுத்தளத்தில் ஏற்ற: டபுலாவா, கேமலாட்டா, பிடிஎஃப்பிளம்பரா?

நம் கைக்கு வரும் பிடிஎஃப்களில் பெரும்பாலானவற்றுக்குள் அட்டவணை என்று ஒன்று கிடையாது. 1993-இல் அடோபி கொண்டுவந்த அந்தக் கோப்பு வடிவம் பக்கத்தில் எதை எங்கே வரைய வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்கிறது: இந்த எழுத்து இந்த இடத்தில், இந்தக் கோடு இங்கிருந்து அங்கே வரை. அட்டவணை என்று குறியிட்டுச் சேமிக்கும் வசதி பின்னால் வந்தது. அதைப் பயன்படுத்திய கோப்பு கிடைத்தால் அது அதிர்ஷ்டம்தான். ஆகவே எல்லாக் கருவிகளும் கோடுகளையும் இடைவெளிகளையும் வைத்து அட்டவணையை ஊகித்துத்தான் எடுக்கின்றன. ஊகம் தப்பும்போது அது நமக்குத் தெரிகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சென்னை மாநகராட்சியின் வார்டுவாரிப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்வோம். பல மண்டலங்கள், மொத்தம் 200 வார்டுகள். மண்டலத்தின் பெயர் இணைத்த கட்டத்தில் ஒரே முறை இருக்கும், அதன் கீழே வார்டுகள் வரிசையாக வரும். தலைப்பு வரி ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வரும். இப்படிப்பட்ட ஒரு கோப்பிலேயே டபுலா, கேமலாட், பிடிஎஃப்பிளம்பர் ஆகிய மூன்று கருவிகளின் குணமும் வெளிப்பட்டுவிடும்.

டபுலா 2013-இல் செய்தியாளர்களுக்காகச் செய்யப்பட்டது. உலாவியில் திறக்கும், ஆனால் ஓடுவது உங்கள் கணினியிலேயே. கோப்பு வெளியே எங்கும் போகாது என்பதால், வாடிக்கையாளரின் வங்கி அறிக்கையோடு மல்லாடும் தி.நகர் கணக்காளருக்கும் தயங்காமல் சொல்லலாம். சுட்டியால் அட்டவணையைச் சுற்றிக் கட்டம் போட்டால் மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பு கிடைத்துவிடும், நிரல் எழுதத் தெரிய வேண்டாம். ஒரே ஒரு முறை செய்ய வேண்டிய வேலை என்றால் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் போட்ட கட்டம் ஒரு வரி மேலே நின்றுவிட்டால் கடைசி வார்டு சத்தமில்லாமல் விடுபடும். மாதாமாதம் வரும் கோப்புக்கு இதை நம்பி உட்கார முடியாது.

கேமலாட் 2018-இல் இந்தியாவிலிருந்து திறமூலமாக வெளிவந்த, பைத்தான் நிரல்மொழிக்கான நூலகம். அதன் பலம் லாட்டிஸ் முறை. பக்கத்தைப் படமாக மாற்றி, கோடுகளைத் தேடி, அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிகளிலிருந்து கட்டங்களைக் கட்டுகிறது. நாலு பக்கமும் கோடு போட்ட நம் அரசுப் பட்டியல்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். இணைத்த கட்டத்தில் உள்ள மண்டலப் பெயரைக் கீழே உள்ள வரிகளுக்கும் நிரப்பச் சொல்லலாம். ஒவ்வொரு அட்டவணைக்கும் துல்லிய மதிப்பெண் ஒன்றும் தருகிறது. எனக்கு அந்த மதிப்பெண்ணில்தான் சங்கடம். எழுத்துகள் கட்டத்துக்குள் எவ்வளவு சரியாக உட்கார்ந்தன என்பதைத்தான் அது அளக்கிறது. இரண்டு நெடுவரிசைகள் ஒன்றாக ஒட்டிப் போயிருந்தாலும் மதிப்பெண் உயரத்திலேயே நிற்கலாம். கோடே இல்லாத அட்டவணைக்கு ஸ்ட்ரீம் முறை இருக்கிறது. அதில் இந்த ஒட்டல் அடிக்கடி நடக்கும்.

இன்னொரு பைத்தான் நூலகமான பிடிஎஃப்பிளம்பர்தான் என் தேர்வு. முதல் நாள் வேலை அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு எழுத்தையும் அதன் இடம், எழுத்துரு, அளவோடு உங்கள் கையில் கொடுத்துவிடும். நெடுவரிசை எங்கே பிரிய வேண்டும் என்று நீங்களே நேர்கோடு போட்டுச் சொல்லலாம், அல்லது எழுத்துகளின் இடைவெளியை வைத்துப் பிரிக்கச் சொல்லலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், தான் கண்டுபிடித்த கோடுகளையும் கட்டங்களையும் பக்கத்தின் மேலேயே வண்ணத்தில் வரைந்து காட்டும். எங்கே தப்பியது என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஒரே வடிவத்தில் திரும்பத் திரும்ப வரும் கோப்புகளுக்கு இதை மிஞ்சிய ஒன்றை நான் பார்க்கவில்லை.

தமிழில் அச்சான பட்டியல் என்றால் மூன்றுமே ஒரே இடத்தில் இடறும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தயாரித்த கோப்பைப் பிரித்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். எந்த எழுத்துரு என்று தெரிந்தால், யூனிகோடுக்கு மாற்றும் கருவி ஒன்றை வைத்து மீட்கலாம். யூனிகோடு கோப்பிலும் ஒரு தொல்லை உண்டு. கொம்பு, கால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டிருப்பதால், கோடம்பாக்கம் என்ற பெயர் கொம்பை முன்னால் போட்டுக்கொண்டு ‘ேகாடம்பாக்கம்’ என்று வெளியே வரும். இதைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட, பெயரையே நம்பாமல் விடுவது நல்லது. மண்டல எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, பெயரை உங்களிடம் உள்ள அசல் பட்டியலிலிருந்து இணையுங்கள்.

ஸ்கேன் செய்த பக்கமாக இருந்தால் மேலே சொன்னவை எதுவும் நேரடியாக உதவாது. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் இலவசம், தமிழும் படிக்கும். ஆனால் சொற்களையும் அவை இருக்கும் இடத்தையும்தான் தரும், கட்டங்களை நீங்கள்தான் கட்ட வேண்டும். அமேசானின் கட்டணச் சேவையான டெக்ஸ்ட்ராக்ட் கட்டம் கட்டமாகவே பிரித்துக் கொடுக்கும். ஆங்கிலப் பட்டியலுக்குக் காசு கொடுக்கலாம், தமிழுக்கு அது ஆகாது. பக்கத்தின் படத்தைச் செயற்கை நுண்ணறிவு மாதிரியிடம் கொடுத்துக் கேட்பதும் இப்போது பரவியிருக்கிறது. குழம்பிப் போன வடிவங்களை அது அழகாகப் பிரிக்கும். மங்கிய எண்ணைக் காலியாக விடாமல், பொருத்தமாகத் தோன்றும் இன்னொன்றை அது எழுதிவிடக்கூடும் என்பதுதான் என் பயம். கூட்டுத்தொகை அச்சாகாத பட்டியலை அதனிடம் கொடுக்க மாட்டேன்.

எந்தக் கருவியாக இருந்தாலும் சரி, வந்ததை நேராக இறுதி அட்டவணையில் கொட்டாதீர்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் எல்லா நெடுவரிசையும் எழுத்து வகையாக ஒரு இடைநிலை அட்டவணை வையுங்கள், கோப்பின் பெயரும் பக்க எண்ணும் கூடவே இருக்கட்டும். 200 வரி வந்ததா, அச்சான மொத்தத்தோடு கூட்டல் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே எண்ணாக மாற்றுங்கள். 1,23,456 என்பதைக் காற்புள்ளி நீக்காமல் மாற்றினால் பிழை என்று நின்றுவிடும், அது நல்லதுதான். தேதி அப்படி நிற்காது. 03-04-2024 என்பதை, அமைப்பைப் பொறுத்து, மார்ச் 4 என்று அமைதியாக எழுதிக்கொள்ளும். தேதியின் வடிவத்தை வெளிப்படையாகச் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

மழைப் பட்டியல்களில் இன்னும் கவனம் தேவை. எண்ணுக்குப் பதில் ‘-’ என்ற சிறுகோடு மட்டும் உள்ள கட்டம் தகவல் வரவில்லை என்பதைக் குறிக்கலாம், அதைப் பூஜ்யமாக்கினால் சராசரியே கெட்டுவிடும். நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் தினசரி மழை அளவு காலை 8.30-க்கு முடியும் 24 மணி நேரத்துக்கானது. அதில் பெரும்பகுதி முந்தைய நாள் பெய்த மழையாக இருக்கலாம். அச்சான தேதியை மட்டும் ஏற்றாமல், அளவு தொடங்கிய நேரத்துக்கும் முடிந்த நேரத்துக்கும் தனித்தனி நெடுவரிசை வைத்துவிடுங்கள்.